பசை இல்லாமல் ஒட்டும் அக்ரிலிக்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீரில் கரைந்த அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரின் விலையைக் கேட்டதும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவோம். அப்புறம் ஒரு பம்ப், ஒரு அக்ரிலிக் (கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்) குழாய், நாலு துண்டுத் தகடு வாங்கி நாமே செய்துவிடலாம் என்று உட்காருவோம். செய்யலாம்தான். (பவளத் தொட்டிக்கும் இதே கருவிதான். நம் நாட்டில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, அதனால் என்னிடம் இருப்பது கோமாளி மீன்களும் இறால்களும் மட்டும்.)

ஸ்கிம்மரின் வேலை நுரை கட்டுவது. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து கரையும் புரதம், கொழுப்பு போன்ற பல மூலக்கூறுகளில் ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், இன்னொரு பக்கம் சேராது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு எங்கே கிடைத்தாலும் அவை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். 1 லிட்டர் காற்றை 1 மி.மீ. குமிழிகளாக உடைத்தால் 6 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும், அரை மி.மீ. ஆக்கினால் 12. கடல்நீரில் உப்பு இருப்பதால் குமிழிகள் சட்டென்று ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதில்லை. நன்னீர்த் தொட்டியில் இந்த வித்தை சரியாக வராததற்கு அதுவே முக்கியக் காரணம். நுரை கழுத்தில் ஏற ஏறத் தண்ணீர் வடிந்து, அழுக்கு மட்டும் மேலே இருக்கும் குப்பியில் வழியும்.

சரி, குழாயையும் தகட்டையும் எப்படிச் சேர்ப்பது? புதிதாகச் செய்பவர்கள் சிலிகான் பசையை எடுப்பார்கள். அது கண்ணாடியை விடாது, அக்ரிலிக்கில் கொஞ்ச நாளில் தோல்போல உரிந்து வந்துவிடும். அக்ரிலிக் கடைக்காரர் சின்ன பாட்டிலில் குளோரோஃபார்ம் தருவார், சில இடங்களில் டைகுளோரோமீத்தேன். இரண்டுமே பசை இல்லை, தண்ணீர் மாதிரி ஓடும். அக்ரிலிக் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்கிக் கிடக்கும் ஒரு நூல்கண்டு. திரவம் உள்ளே புகுந்ததும் இரண்டு துண்டுகளின் ஓரமும் ஊறி இளகும், இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கம் நுழைந்து பின்னிக்கொள்ளும், திரவம் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே அக்ரிலிக். சில நிமிடத்தில் பிடித்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஊறியது முழுதாக வெளியேற நாட்கள் ஆகும், அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இதில் திரவத்துக்கு இடைவெளியை நிரப்பும் சக்தி கிடையாது என்பதுதான் முழு விஷயமும். ஓரங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு உட்கார வேண்டும். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து அதில் குழாயின் வாயைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் சமமாகும். பிறகு தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய கம்பிகள் சிலவற்றை வைத்து, ஊசியால் திரவத்தை ஓரத்தில் விட்டால், அந்த நூலிழை இடைவெளி தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். விளக்குத் திரி எண்ணெய் இழுக்கும் அதே கதை. அரை நிமிடம் ஊறவிட்டுக் கம்பிகளை உருவிவிட்டால் துண்டு இளகிய ஓரத்தில் உட்காரும். இணைப்பு கண்ணாடிபோலத் தெரிந்தால் நல்லது, வெள்ளையாகப் பொரிப்பொரியாக இருந்தால் உள்ளே காற்று. மொட்டை மாடியில் செய்யுங்கள், ஆவி உடம்புக்கு ஆகாது. பக்கத்தில் நெருப்பும் கூடாது, குளோரோஃபார்ம் சூட்டில் சிதைந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும்.

என் முதல் குப்பி ஒரே ராத்திரியில் போனது. அதற்கான அக்ரிலிக் வளையத்தை லேசரில் வெட்டி வாங்கியிருந்தேன், ஓரம் பளபளவென்று அழகாக இருந்தது, அப்படியே ஒட்டினேன். காலையில் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக விரிசல். லேசர் ஓரத்தை உருக்கும், ஆறும்போது அது சுருங்கப் பார்க்கும், பக்கத்துத் தகடு விடாது. அந்த இழுவிசை உள்ளேயே சிக்கியிருக்க, திரவம் பட்டதும் வெடித்துவிடுகிறது. இப்போது ஒட்டும் ஓரத்தை உப்புத்தாளில் நன்றாக இறக்கிவிட்டு, ஓவனில் 80 டிகிரி அருகே சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிடுகிறேன். தகடும் வார்த்த வகையா என்று கேட்டு வாங்குகிறேன், பிதுக்கி இழுத்த வகை இன்னும் சுலபமாக விரிசல் விடும்.

தண்ணீர் வந்து போகும் குழாய்க்கு ஓட்டை போடும் முன் அந்தக் குழாயை வெர்னியர் அளவுகோலால் அளந்துவிடுங்கள். ‘1 இன்ச்’ கேட்டால் வெள்ளை ஷெட்யூல் 40 யூபிவிசியின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., சிபிவிசிக்கு 28.6, வயலுக்குப் போகும் சாம்பல் நிறக் குழாய் 32. மூன்றையுமே பிளம்பர் ஒரே பேரில்தான் சொல்வார். திருகாணி நைலானில் போதும். பித்தளை வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் செம்பு கொஞ்சம் கசிந்தாலும் இறால்களுக்கு விஷம். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ உப்புநீர் புள்ளிப்புள்ளியாகத் துளைத்துவிடும்.

எல்லாம் முடிந்து ஓடவிட்டால் முதல் சில நாட்கள் நுரை சரியாகவே வராது, இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று பொங்கும். புது பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை அப்படித்தான். அதற்குள் குழாயைப் பிய்த்துப் பார்க்காதீர்கள், நான் இரண்டு தடவை பிய்த்தேன். ஒருநாள் குப்பியில் கறுப்புத் தேநீர் மாதிரி ஒன்று தேங்கியிருக்கும், மூடியைத் திறந்ததும் வீடே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.