குடலில் இருப்பது காளான் இல்லை

"மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டால் குடலில் காளான் பெருகும்." இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இதைப் படிக்கிறேன். வாட்ஸப்பில் இதைப் பார்த்த என் அத்தை காளான் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எழுதியிருக்கும் லட்சணம் அப்படி.

இப்படிக் காளான் என்று மொழிபெயர்க்கப்படும் ஆங்கில மூலச்சொல் மைக்கோபயோம். கிரேக்கத்தில் மைக்கேஸ் என்றால் காளான், பயோஸ் என்றால் உயிர்வாழ்வு, ஓம் என்பது மொத்தத்தைக் குறிக்கும் ஈறு. ஓரிடத்தில் உள்ள பூஞ்சைகள் எல்லாம் சேர்ந்து மைக்கோபயோம், அவ்வளவுதான்.

'கிரேக்கத்திலேயே காளான்தானே!' என்று மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் மடக்கினார். வேர் அதுதான், சரி. ஆனால் தமிழில் காளான் என்றால் மண்ணிலோ மரத்திலோ முளைக்கும் குடைதானே கண்ணில் வருகிறது? அந்தக் குடை சிலவகைப் பூஞ்சைகள் வித்து பரப்ப விடும் உறுப்பு மட்டுமே. குடலில் இருக்கும் கேண்டிடா, சாக்கரோமைசிஸ், மலசீசியா எல்லாம் ஈஸ்ட் வகை, கண்ணுக்கே தெரியாது, குடையும் பிடிக்காது.

மைக்கோபயோமை 'குடல் பூஞ்சைத் தொற்று' என்று மொழிபெயர்ப்பது இதைவிட மோசம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பலரின் குடலிலும் கேண்டிடா சும்மா இருக்கிறது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் குறைக்கும்போது அது பெருக இடம் கிடைக்கிறது. இருப்பதையெல்லாம் தொற்று என்றால் நிஜமான தொற்றை என்னவென்று சொல்வது?

நானே கொஞ்ச காலம் 'குடல்வாழ் பூஞ்சைகள்' என்று எழுதினேன். இப்போது அதுவும் உறுத்துகிறது. ரொட்டியிலும் பியரிலும் உள்ள சாக்கரோமைசிஸ் சாப்பாட்டோடு வந்து மலத்தோடு போய்விடுகிறது. 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் அந்த வகை உணவை நிறுத்தியதும் அது மலத்தில் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அடிக்கடி பல் தேய்த்ததும் மலத்தில் கேண்டிடாவும் குறைந்தது, அதாவது அதில் ஒரு பங்கு வாயிலிருந்து விழுங்கியது. வந்துபோகிற விருந்தாளியைக் குடியிருப்பவன் என்று எப்படிச் சொல்வது? அதனால் 'குடல் பூஞ்சைத் தொகுதி' என்பதே என் கட்சி. தங்குகிறதா போகிறதா என்ற வழக்குக்குள் அது போகவில்லை. பூஞ்சை உடம்பு என்றால் நோஞ்சான் உடம்பு என்றும் பொருள் உண்டே என்பார்கள். பக்கத்தில் குடல் இருக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். இலங்கையில் பங்கசு என்பார்கள், அதுவும் காளானுக்கு எவ்வளவோ மேல்.

அப்புறம் முதல் வாக்கியத்தில் இருந்த அந்தப் 'பெருகும்'. 2013இல் வந்த ஆய்வு, மாவுச்சத்து உணவுக்கும் கேண்டிடா அளவுக்கும் தொடர்பு தெரிகிறது என்று மட்டும்தான் சொன்னது, அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. 'மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களின் குடலில் கேண்டிடா கூடுதலாகக் காணப்பட்டது' என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா?