கிழிந்தது தசைநார் அல்ல, மூட்டுநார்

ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நெருங்கினால் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் காயக் கணக்கு விளையாட்டுப் பக்கங்களில் மறுபடி வரும். 2008-இல் இடது முழங்காலில் தசைநார் கிழிந்த நிலையிலேயே யு.எஸ். ஓபனை வென்றார் என்று ஒரு வரி இருக்கும். 2025 மார்ச்சில் இடது காலில் தசைநார் அறுந்ததால் மாஸ்டர்ஸுக்கு வரவில்லை என்று அடுத்த வரி இருக்கும். படிக்கிற ரசிகர் என்ன நினைப்பார்? அதே கால், அதே நார், பழைய காயம் திரும்பிவிட்டது என்றுதான் நினைப்பார். நடந்ததோ வேறு. 2008-இல் அறுந்திருந்தது முழங்கால் மூட்டுக்குள் எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட். 2025-இல் அறுந்தது குதிகாலுக்கு மேலே தசையை எலும்போடு சேர்க்கும் டெண்டன். இடமும் வேலையும் வேறு, சிகிச்சையும் வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து எழுதுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. போதும், இதை நிறுத்தலாம்.

சொற்பிறப்பு எளியது. லிகமென்ட், கட்டுதல் என்று பொருள்படும் லிகாரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. டெண்டன், இழுத்து நீட்டுதல் என்று பொருள்படும் டெண்டெரே என்ற வினையோடு உறவுடையது. ஒன்று கட்டுவது, மற்றொன்று இழுப்பது. இதற்குத் தமிழில் நாரும் நாணும் ஏற்கனவே இருக்கின்றன. பூக்கட்டுவது வாழைநாரால், வில்லை வளைப்பது நாணால். கட்டுவதற்கு நார், இழுப்பதற்கு நாண் என்ற வேறுபாடு மொழியில் கிடக்க, அதை எடுத்துக்கொள்ளாமல் விட்டதுதான் கோளாறு.

வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டாம். சேலத்தில் எந்தக் கோழிக்கடையிலும் நாட்டுக்கோழியின் வெட்டிய காலைக் கேட்டு வாங்கலாம். வெட்டுவாயில் வெள்ளையாக, பளபளப்பாக, நூல்போலச் சில இழைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றை விரலால் பிடித்து இழுத்தால் கோழியின் விரல்கள் மடங்கும். அதுதான் டெண்டன். மேலே இருக்கும் சதை சுருங்கும்போது கீழே இருக்கும் எலும்பை அசைக்கும் கயிறு அது. அடுத்து, தொடையும் காலும் சேரும் மூட்டைக் கத்தியால் பிரிக்கப் பாருங்கள். சதையெல்லாம் விலகிய பிறகும் இரண்டு எலும்பும் பிரியாது. பக்கவாட்டில் பட்டையாக ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும், அதை அறுத்தால்தான் மூட்டு கழன்று வரும். அதுதான் லிகமென்ட். அதற்கும் சதைக்கும் தொடர்பே கிடையாது. எலும்பில் தொடங்கி எலும்பில் முடிகிறது.

இனி, தசைநார் என்ற சொல் ஏன் தவறு என்று பார்ப்போம். தசை, நார் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் தசையில் உள்ள நார் என்றுதான் பொருள் படும். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சதையின் இழைகள், அதாவது சுருங்கி விரியும் அந்த நூல்கள். தசைநார்ச் சிதைவு என்று குழந்தைகளுக்கு வரும் பரம்பரை நோயைச் சொல்கிறோமே, அங்கே கெடுவது சதையின் இழை. லிகமென்ட்டும் அல்ல, டெண்டனும் அல்ல. ஆக ஒரே சொல் சதை இழைக்கும், டெண்டனுக்கும், லிகமென்ட்டுக்கும் ஓடுகிறது. இம்மூன்றில் லிகமென்ட்டுக்குத்தான் அந்தச் சொல்லில் உரிமை மிகக் குறைவு, ஏனென்றால் அதில் தசையே இல்லை. சுருங்காது, இழுக்காது, உடற்பயிற்சியால் சதைபோலப் பருக்காது. மூட்டு போகக்கூடாத பக்கம் போகாமல் பிடித்து நிற்பதே அதன் வேலை.

அகராதியில் இருக்கிறதே என்பார்கள். அகராதியில் ஏறிவிட்டால் பிழை சரியாகிவிடாது. பழகிவிட்டதே, ஒரு சொல்லில் என்ன வந்துவிடப்போகிறது என்பார்கள். என்ன வந்துவிடும் என்பதை ஏ.சி.எல். அறுவையை விளக்க முயன்றால் தெரிந்துகொள்ளலாம். முழங்காலுக்குள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும் இரண்டு லிகமென்ட்டுகளில் முன்னால் இருப்பது ஏ.சி.எல். சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், சுண்டுவிரலில் ஏறக்குறைய பாதிதான். அறுந்துவிட்டால் முனைகளை வைத்துத் தைப்பது பெரும்பாலும் பயன்படுவதில்லை. மூட்டுக்குள் ஊறும் நீரில் முனைகள் நனைந்துகொண்டே இருப்பதால் ரத்தம் உறைந்து பாலம் கட்ட வழியில்லை. அதனால் அறுவை மருத்துவர் வேறிடத்திலிருந்து ஒரு டெண்டனை எடுக்கிறார். முட்டிச் சில்லுக்குக் கீழே இருப்பதின் நடுப்பட்டையை எடுக்கலாம், தொடையின் பின்பக்கத்தில் இருப்பதையும் எடுக்கலாம். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு அதை நுழைத்து இறுக்குகிறார். டெண்டன் லிகமென்ட் இருந்த இடத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல லிகமென்ட்டாக மாறுகிறது. இதைத் தசைநாரை வைத்து எழுதிப் பாருங்கள்: கிழிந்த தசைநாருக்குப் பதிலாகத் தசைநாரை எடுத்துத் தசைநாராகப் பொருத்தினார்கள். இப்படி அச்சில் வந்தும் இருக்கிறது. இதைப் படித்து எவருக்கு என்ன விளங்கும்?

கோல்ஃப் ரசிகருக்கு இது வெறும் சொற்சண்டை அல்ல. ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளான மேஜர்களில் அடுத்ததில் தன் ஆட்டக்காரர் இருப்பாரா என்பதை அவர் அந்தச் சொல்லை வைத்துத்தான் கணக்கிடுகிறார். ரோரி மெக்கில்ராய் 2015 ஜூலைத் தொடக்கத்தில் நண்பர்களோடு கால்பந்து ஆடும்போது இடது கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட்டை அறுத்துக்கொண்டார். முந்தைய ஆண்டின் சாம்பியனாக செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓபன் ஆட வேண்டியவர், அதற்குப் போகவில்லை. ஆனால் ஆகஸ்ட்டில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்புக்கு வந்துவிட்டார். ஏறக்குறைய ஆறே வாரம். கணுக்கால் லிகமென்ட் மூட்டு நீரில் மிதப்பதில்லை, கட்டுப்போட்டுப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் தானே சேர்ந்துவிடும். வுட்ஸுக்கு 2008-இல் அறுந்திருந்தது ஏ.சி.எல். யு.எஸ். ஓபன் நடந்த டோரி பைன்ஸில், கீழ்க்கால் எலும்பில் இரண்டு கீறலோடும் சேர்த்து, எதிராளி ராக்கோ மீடியேட்டை மறுநாள் வரை இழுத்துச் சென்று 91 குழிகள் ஆடி வென்றார். எட்டாம் நாள் அறுவை. 2009 பிப்ரவரி வரை போட்டிக்கு வரவில்லை. 2025-இல் அறுந்தது குதிகால் டெண்டன். அந்த ஆண்டின் நான்கு மேஜர்களிலும் அவர் இல்லை. ஆறு வாரம், எட்டு மாதம், ஓர் ஆண்டின் நான்கு மேஜர்கள். மூன்றையும் தசைநார்க் காயம் என்று எழுதிவிட்டு, அவர் ஏன் சீக்கிரம் வந்தார், இவர் ஏன் வரவில்லை என்று ரசிகர்கள் சண்டை போடுவதைக் குறை சொல்ல முடியாது.

ஏ.சி.எல். போனவரால் எப்படி கோல்ஃப் ஆட முடிந்தது என்ற கேள்விக்கும் விடை இதே வேறுபாட்டில் இருக்கிறது. நேராக நடக்க ஏ.சி.எல். பெரிதாகத் தேவைப்படாது, காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போதுதான் தேவை. வலக்கை ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் கணத்தில் இடது பாதம் தரையில் ஊன்றி நிற்க, தொடை எலும்பு அதன்மேல் திரும்புகிறது. வலி மிகுவது அந்தக் கணத்தில்தான். டோரி பைன்ஸில் முழு வேகத்தில் அடிக்கும் டிரைவுகள் சிலவற்றுக்குப் பிறகு வுட்ஸ் குனிந்து முகம் சுளித்ததும், குழிக்கருகே மெல்லத் தட்டும் பட் அடிக்கும்போது அப்படிப் பெரிதாகத் தெரியாததும் பெரும்பாலும் இதனால்தான். குதிகால் டெண்டன் அறுந்தவரால் இப்படி ஒரு சுற்றுகூட ஆட முடியாது. அறுந்த காலின் விரல் நுனியில் உடம்பைத் தூக்கவே முடியாது. குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையை அமுக்கினால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும், அசையாது. கயிறு அறுந்தபின் ராட்டினத்தைச் சுற்றினால் வாளி மேலே வருமா?

அச்சில் தசைநார் என்றால், பேச்சில் ஜவ்வு. சேலம் பக்கம் முட்டி வீங்கினால் ஜவ்வு கிழிஞ்சுடுச்சு என்பார்கள். முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கினால் ஜவ்வு விலகிடுச்சு. வயதானவருக்குக் குருத்தெலும்பு தேய்ந்தால் ஜவ்வு தேய்மானம். காதுப்பறை கிழிந்தாலும் ஜவ்வுதான். சவ்வு என்பது மெல்லிய தோல்போன்ற படலம், காதுக்கு அது முழுப் பொருத்தம். மூட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் கெட்டது. மரவள்ளிக்கிழங்கு ஆலைகள் சூழ்ந்த இந்த ஊரில் ஜவ்வு என்ற ஒலி கேட்டதும் ஜவ்வரிசிக் கஞ்சிதான் நினைவுக்கு வரும், கொழகொழவென்று இழுபடும் ஒன்று. லிகமென்ட் அப்படி இழுபடாது. தன் நீளத்தில் சில விழுக்காடு நீண்டாலே இழைகள் அறத் தொடங்கும். கயிற்றுக் கட்டிலின் பின்னலை நினைத்துக்கொள்ளுங்கள், ஜவ்வுமிட்டாயை அல்ல. ஜவ்வுதானே, எண்ணெய் போட்டு நீவினால் ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பிறப்பது இந்தத் தவறான படத்திலிருந்துதான்.

ஏற்காட்டுச் சரிவுகளில் காப்பித் தோட்டத்து ஈரக்கல்லில் கால் உட்பக்கமாக மடங்குவது அன்றாடம் நடப்பது. சுளுக்கு என்று சொல்லும் அது முழுக்க முழுக்க லிகமென்ட் காயம். கொலுசு கிடக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கக் கணுக்கால் மொளியின் முன்னால் விரல் வைத்தால் வலிக்கும். மெக்கில்ராய்க்கு அறுந்ததும் அங்கேதான். முதல் இரண்டு நாள் நீவக்கூடாது, வீக்கம் கூடும். காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய பனிக்கட்டியை ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் வைத்து, கட்டுப்போட வேண்டும். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, மொளியின் பின்விளிம்பை அமுக்கினால் எலும்பிலேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இவ்வளவும் நடக்க வேண்டிய இடத்தில் நரம்பு பிசகிடுச்சு என்று ஒருவர் சொல்லிவிட்டால் எல்லாம் திசைமாறும். நரம்பு மூளையின் செய்தியைக் கொண்டுபோவது. குதிகால் நரம்பு அறுந்தது என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நரம்பு அறுந்தால் பாதம் மரத்துப்போகும். வுட்ஸுக்கு அறுந்தது நரம்பு அல்ல.

சரி, என்ன சொல்லலாம்? டெண்டனுக்குத் தசைநாண் என்ற நல்ல சொல் பாடநூல்களில் இருக்கிறது. தசையோடு சேர்ந்த நாண், தசை இழுக்கும் நாண் என்று எப்படிப் பிரித்தாலும் பொருள் சரியாக வருகிறது. குதிகாலில் இருப்பதைக் குதிநாண் என்று இரண்டே அசையில் முடிக்கலாம். ஆங்கிலப் பெயரில் இருக்கும் அகில்லெஸ் என்ற கிரேக்க வீரனை இழுத்துவந்து தசைநாரோடு ஒட்ட வேண்டியதில்லை. லிகமென்ட்டுக்குப் பிணைநார் என்று ஒரு வழி உண்டு. பொருள் சரி, ஆனால் செய்திப் பக்கத்தில் பிணை என்றால் ஜாமீன் என்றுதான் கண் படிக்கும், காதுக்கும் பிணத்தின் அருகே போகிறது. எலும்புநார் என்றால் எலும்புக்குள் இருக்கும் நார் போலத் தோன்றும், தசைநாரில் செய்த அதே பிழை. மூட்டுநார் என்பதே என் தேர்வு. எங்கே இருக்கிறது, என்ன வேலை என்று சொல்லிலேயே தெரிகிறது. கல்லீரலைப் பிடித்திருக்கும் லிகமென்ட் மூட்டில் இல்லையே என்று ஒரு மருத்துவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. உடற்கூறு நூலில் அதற்குப் பிணைநார் இருக்கட்டும். விளையாட்டுப் பக்கத்தில் எவரும் கல்லீரல் லிகமென்ட் கிழிந்து மேஜரிலிருந்து விலகுவதில்லை.

ஏ.சி.எல்.-ஐ முன்புறச் சிலுவைத் தசைநார் என்கிறார்கள். சிலுவை இருக்கலாம், வடிவம் உடனே கண்ணில் நிற்கிறது. குறுக்குநார் என்று மாற்றச் சிலர் விரும்புவார்கள். கொங்கில் குறுக்கு என்றால் இடுப்பு. குறுக்குநார் போச்சு என்று கேட்டவர் முதுகுவலிக்கு மருந்து சொல்வார். முன்சிலுவைநார், பின்சிலுவைநார் போதும்.

நான் தனித்தமிழ் மட்டுமே வேண்டும் என்று சொல்லவில்லை. லிகமென்ட் கிழிந்தது என்று தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரு குறையும் இல்லை, கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் ரிஷப் பந்த்தின் கார் விபத்துக்குப் பிறகு அது தெரியும். தெரிந்த கடன்சொல் தெளிவாக இருக்கும்போது அதைத் தூக்கிவிட்டு மூன்று பொருளில் ஓடும் தமிழ்ச்சொல்லை வைப்பதுதான் என் வருத்தம். மொழிபெயர்ப்பவர்களிடம் இப்போது பெருகும் பழக்கமே இது. தமிழாக இருந்தால் போதும், பொருள் எங்கே போனாலும் சரி என்று விடுகிறார்கள். கோல்ஃபில் முதல் இரண்டு நாள், 36 குழிகள் முடிந்தபின் ஒரு கோடு போடுவார்கள், ஆங்கிலத்தில் அது கட். மாஸ்டர்ஸில் முதல் 50 இடமும் அந்த இடத்தில் சமனாக நிற்பவர்களும் மட்டும் மேலே போவார்கள். அதைத் தாண்டாதவரை வெட்டைத் தவறவிட்டார் என்று எழுதுகிறார்கள். எந்த வெட்டு, அதை எதற்குப் பிடிக்க வேண்டியிருந்தது? முதல் இரண்டு நாளோடு வெளியேறினார் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

காயம் என்பதையும் பார்த்து எழுதலாம். தோல் கிழிந்து ரத்தம் வந்ததையும் தோலுக்குள் நார் அறுந்ததையும் அந்த ஒரே சொல்லால் சொல்கிறோம். என்ன போனது என்று அடுத்த சொல்லிலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பமும் இருக்காது. வுட்ஸின் அந்த இரண்டு வரிகளை இப்படி அச்சிடலாம்: 2008-இல் இடது முழங்காலின் முன்சிலுவைநார் அறுந்த நிலையில் யு.எஸ். ஓபனை வென்றார். 2025 மார்ச்சில் இடது குதிநாண் அறுந்ததால் மாஸ்டர்ஸில் ஆடவில்லை.