மாடித் தோட்டத் தளை, விதைத் தொகுப்பு: பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்

வீட்டில் காய்கறி வளர்க்க அரசு தரும் பொருளை வாங்கச் சிட்டா வேண்டாம். அடங்கல் வேண்டாம். சிறு, குறு விவசாயி சான்று வேண்டாம். அவையெல்லாம் வயலுக்குச் சொட்டுநீர் போடுகிறவர்களும் பந்தல் அமைக்கிறவர்களும் கொடுக்க வேண்டியவை. இந்தப் பழக்கத்தில் ஊறிப்போன அலுவலகங்கள், நாலு தொட்டி வைக்க ஆசைப்படும் குடும்பத் தலைவியிடமும் அதே பட்டியலை நீட்டுகின்றன. அவரும் ‘நமக்கு நிலம் ஏது’ என்று திரும்பிவிடுகிறார். இப்படி வாசலிலேயே திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆதார் அட்டை, அதன் நகல், கையில் இருக்கும் ஒரு செல்போன் எண். இவ்வளவுதான் உங்கள் பக்கத்திலிருந்து வேண்டியது.

திட்டத்தின் பின்னணி சுருக்கமாக. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14-லேயே சென்னை, கோவையில் மாடித் தோட்டத் தளைகளை (பை, நார்க் கட்டி, விதை எல்லாம் அடங்கிய தொகுப்புகளை) மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தது. 2021-ல் அது பெரிதானது. நகர்ப்புறத்துக்கு 900 ரூபாய் மதிப்புள்ள மாடித் தோட்டத் தளை 225 ரூபாய்க்கு. கிராமத்துக்கு 12 வகை காய்கறி விதைகள் அடங்கிய 60 ரூபாய்ப் பொட்டலம் 15 ரூபாய்க்கு. பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை போன்ற எட்டுச் செடிகள் கொண்ட தளை 25 ரூபாய்க்கு என்று அறிவித்தார்கள். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் கணக்கு மாறியது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என ஆறு வகை விதைத் தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சை கொண்ட பழச்செடித் தொகுப்பும், மரத்துவரை, காராமணி, அவரை கொண்ட பயறு விதைத் தொகுப்பும் முழு மானியத்தில், அதாவது காசில்லாமல். ஆண்டுக்கு ஆண்டு விலையும் உள்ளடக்கமும் மாறும். போகும்போது ‘இந்த ஆண்டு எந்தத் திட்டம், பயனாளி பங்கு எவ்வளவு’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன வருட விலையை நம்பிச் சண்டை போட்டால் தோற்பீர்கள்.

இனிமேல்தான் வம்பு.

முதல் பொறி நகரமா கிராமமா என்பது. காசு கொடுத்து வாங்கும் மாடித் தளை நகர்ப்புறத்தை மனத்தில் வைத்து வந்தது; விதைப் பொட்டலம் கிராமத்துக்கு. காகிதத்தில் இது தெளிவாக இருக்கும். ஊருக்கு வெளியே, அடுக்குமாடியும் மனைப்பிரிவுமாக வளர்ந்துவிட்ட, ஆனால் இன்னும் ஊராட்சியாகவே இருக்கிற இடத்தில் குடியிருப்பவர் என்ன செய்வார்? மண் தரை கிடையாது, மாடி மட்டும் இருக்கிறது. மாடித் தளை கேட்டால் ‘உங்களுடையது ஊராட்சி’ என்பார்கள். விதைப் பொட்டலம் கேட்டால் ‘வீட்டைச் சுற்றி இடம் இருக்கிறதா’ என்பார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்தப்படும். இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் தளைக்கு மல்லுக்கட்ட வேண்டாம். விதைத் தொகுப்பைக் கேளுங்கள், அதற்கு மறுப்புச் சொல்ல அவர்களிடம் காரணம் குறைவு. பையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டாலும் வெண்டை காய்க்கும்.

அடுத்தது ஆதார் முகவரி. தளையும் தொகுப்பும் வட்டார வாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. சொந்த ஊர் முகவரி உள்ள ஆதாரை வைத்துக்கொண்டு வேலைக்காக வேறு மாவட்டத்தில் வாடகைக்கு இருப்பவரிடம் ‘உங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது சுலபம். செடி வளரப்போவது இங்கே, தண்ணீர் ஊற்றப்போவது இங்கே. விதையை மட்டும் பஸ் ஏறிப் போய்ச் சொந்த ஊரில் வாங்க வேண்டுமாம். வாடகை ஒப்பந்தம், எரிவாயு ரசீது போன்ற ஏதாவது ஒன்றின் நகலை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போங்கள். அதையும் மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல மறுப்புகள் கரைந்துவிடும். வீட்டு வரி ரசீது கேட்டாலும் இதே வழிதான். வாடகைக்கு இருப்பவரிடம் வீட்டு வரி ரசீது இருக்காது என்பது கேட்பவருக்கும் தெரியும்.

எந்த அலுவலகம் என்பதிலும் அலைக்கழிப்பு உண்டு. வேளாண்மைத் துறை வேறு, தோட்டக்கலைத் துறை வேறு. பல இடங்களில் இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பதால், நெல் விதை கொடுக்கும் கவுன்டரில் போய் நிற்பவர்கள் அதிகம். அவர்கள் ‘இங்கே வரவில்லை’ என்பார்கள். அது பொய் இல்லை, அவர்களுக்கு வரவில்லை. ‘அடுத்த அறையில் கேளுங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் வட்டாரத்தின் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். அதற்குக் கீழே உதவித் தோட்டக்கலை அலுவலர் இருப்பார். உங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் அவர்தான். பெரும்பாலும் அவர் கள ஆய்வில் இருப்பார், அல்லது அப்படிச் சொல்லப்படுவார். அவருடைய பெயரையும் எண்ணையும் உழவன் என்ற அரசின் கைபேசிச் செயலியில் பார்த்து, போவதற்கு முன் பேசிவிடுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்ப் பூட்டிய அறையைப் பார்த்துத் திரும்புவதை இது தவிர்க்கும்.

உழவன் செயலியிலோ தோட்டக்கலைத் துறை இணையதளத்திலோ பதிவு செய்தால் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிவு என்பது கோரிக்கை மட்டும், ஒதுக்கீடு ஆகாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ‘இலக்கு’ என்று ஓர் எண்ணிக்கை வரும். அது முடிந்தால் உங்கள் பதிவு அப்படியே கிடக்கும். முடிந்துவிட்டது என்று யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பதிவு எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, சில நாட்களிலேயே நேரில் போய்க் கேட்பதுதான் ஒரே வழி. கணினி மையத்தில் பதிவு செய்கிறவர்கள் உங்கள் செல்போன் எண்ணைத்தான் கொடுத்தார்களா என்று திரையில் பாருங்கள். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஒருமுறைக் கடவுச்சொல்லும் தகவலும் அவருக்குத்தான் போகும்.

எனக்கு மிகுந்த எரிச்சல் தருவது இன்னொன்று. இலக்கைச் சீக்கிரம் முடிக்க, மகளிர் குழுத் தலைவி மூலமாகவோ உள்ளூர்ப் பிரமுகர் மூலமாகவோ மொத்தமாக ஆதார் நகல் வாங்குகிறார்கள். ‘கொடுத்து வையுங்கள் அக்கா, ஏதாவது திட்டம் வந்தால் சேர்த்துவிடுகிறோம்’ என்பார்கள். எதற்கென்று தெரியாமலே கொடுத்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்த தையல்கார அக்கா ஒருவர் ஆசையாக மாடித் தளை வாங்கப் போனார். ‘உங்கள் ஆதாருக்குப் போன வருடமே கொடுத்தாயிற்று’ என்று பதில் வந்தது. பதிவேட்டைக் காட்டச் சொன்னார். அவர் பெயருக்கு எதிரே யாரோ போட்ட கையெழுத்து இருந்தது. அவர் கைநாட்டு வைப்பவரும் இல்லை, அப்படிக் கோணலாகக் கையெழுத்துப் போடுபவரும் இல்லை. அலுவலகத்தில் ‘அது பழைய அலுவலர் இருந்த காலத்தில் நடந்தது’ என்று முடித்துவிட்டார்கள். ஆகவே, ஆதார் நகல் கொடுக்கும்போது அதன் மேலேயே குறுக்காக, ‘மாடித் தோட்டத் தளைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். பேனா மை செலவு தவிர வேறு நஷ்டம் இல்லை.

பொருளைக் கையில் வாங்கும் நேரத்தில் பதிவேட்டை முதலில் நீட்டுவார்கள். பேனாவை எடுக்காதீர்கள். பையைப் பிரித்துப் பாருங்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. 2021 திட்டத்து மாடித் தளையில் ஆறு செடி வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ தென்னை நார்க் கட்டிகள் ஆறு, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நோய் தடுக்கும் பூஞ்சாணம், வேப்பெண்ணெய், கையேடு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. கட்டி ஆறும் இருக்கிறதா, வேப்பெண்ணெய் சீசா ஒழுகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விதைப் பொட்டலத்தின் பின்புறம் சோதனை செய்த தேதியும் எதுவரை செல்லும் என்ற தேதியும் அச்சிட்டிருக்கும். சிலவற்றில் அந்த இடத்தில் மை அழிந்திருக்கும், சிலவற்றில் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தேதி தெரியாத பொட்டலத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். உயிர் உரப் பொட்டலங்களுக்கும் காலாவதி உண்டு. அவற்றில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிர்கள்; வெயில் படும் கிடங்கில் கோடை முழுக்கக் கிடந்ததென்றால் அது வெறும் கறுப்புத் தூள்தான். குறைகிற பொருளை ‘அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால், பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எது வரவில்லை என்று எழுதிவிட்டுப் போடுங்கள். முழுதாகப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டவருக்கு அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

பணம் கட்டும் திட்டமாக இருந்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். இலவசத் தொகுப்புக்கு ‘வண்டி வாடகை’, ‘இறக்குக் கூலி’ என்று இருபது முப்பது கேட்பவர்கள் இருக்கிறார்கள். ரசீது கேளுங்கள், கேட்பது நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் ‘அரசு மானியத் தளை, முன்பணம் அனுப்பவும்’ என்று வரும் க்யூஆர் குறியீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

காலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறது பழமொழி. அரசு விதை ஐப்பசியைத் தேடி வரும். 2021-ல் ஆகஸ்டில் வேளாண் பட்ஜெட்டில் சொன்ன திட்டம் டிசம்பரில்தான் தொடங்கியது. சில இடங்களில் நிதியாண்டு முடியும் மார்ச்சில், இலக்கை முடிக்க வேண்டும் என்பதற்காக அழைத்து அழைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிய கையோடு சித்திரை வெயிலில் மாடியில் நட்டால், நாற்று வாடிச் சாகும், ‘அரசு விதை முளைக்காது’ என்ற பெயரும் மிஞ்சும். மார்ச்சில் வாங்கினால் கீரையையும் வெண்டையையும் கொத்தவரையையும் மட்டும் நிழல்வலை அடியில் விதையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரமில்லாத இடத்தில் ஆடிவரை வைத்திருங்கள், அதற்குள் செல்லுபடித் தேதி முடியாது என்றால்.

விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துச் சோதியுங்கள். விதைச் சான்றளிப்புத் தரத்தின்படி தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம் முளைப்பு வேண்டும். வெண்டை நாலைந்து நாளில் சொல்லிவிடும், மிளகாய் இன்னும் பொறுமை கேட்கும். பத்தில் இரண்டுதான் முளைக்கிறது என்றால் துணியைப் படம் பிடித்து, பொட்டலத்தின் தேதிப் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.

அலுவலகத்தில் சொல்லாமல் விடும் இன்னொரு விஷயம் தென்னை நார். கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்பி விதைத்தவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்தவர்கள். நாரில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். நாரில் சத்தும் கிடையாது. மண்ணும் மட்கிய எருவும் அல்லது மண்புழு உரமும் சரிபாதிக்கு மேல் கலந்தால்தான் செடி காய்க்கும். இந்தச் செலவு தளையின் விலையில் இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாயைத் தட்டில் நாற்றுவிட்டு, நான்கு ஐந்து வாரம் கழித்து எடுத்து நட வேண்டும். வெண்டை, கொத்தவரையை நேராகப் பையில் ஊன்றலாம். பயறுத் தொகுப்பில் வரும் மரத்துவரை ஆள் உயரத்தைத் தாண்டும், அதை மாடிப் பையில் வைக்காதீர்கள்; தரை இருக்கும் உறவுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அறுவடையில் தவறுவது பெரும்பாலும் வெண்டையில். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ‘இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்’ என்று விட்டால் நார் விழுந்துவிடும், செடியும் புதுப் பூ வைக்கச் சோம்பும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நுனி பட்டென்று ஒடியும் பருவத்தில் பறியுங்கள். ஆறு பையில் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை தீர்ந்துவிடும் என்று மேடையில் பேசுவதை நம்ப வேண்டாம். வாரத்தில் சில வேளைக்குக் காயும், அவ்வப்போது கீரையும் கிடைக்கும். அதற்கே இந்த அலைச்சல் தகும் என்பது என் எண்ணம்.

மறுத்தார்கள், குறைத்துக் கொடுத்தார்கள் என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மனுவில் கதை எழுதாதீர்கள்: பதிவு எண், போன தேதி, சொன்ன பதில், மூன்று வரி போதும். உங்கள் பெயரில் வேறு யாரோ வாங்கியிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: அந்த நிதியாண்டுக்கு வட்டாரத்துக்கு வந்த இலக்கு எவ்வளவு, வழங்கியது எவ்வளவு, என் ஆதாருக்கு எதிரே உள்ள பதிவேட்டுப் பக்கத்தின் நகல். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. பதிவஞ்சல் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும், விதைக்கும் பட்டம் காத்திருக்காது. புகார் அதன் வழியில் போகட்டும். தோட்டக்கலைத் துறையின் அரசுப் பண்ணைகளில் செடிகளும் நாற்றுகளும் விலைக்குக் கிடைக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதை மையத்திலும் காய்கறி விதை விற்கிறார்கள். ஆடி பிறந்தும் தொகுப்பு வரவில்லை என்றால் அங்கே வாங்கி ஊன்றிவிடுங்கள்.