ஜோஷ்னா கண்ணாடி போடுவதில்லையா? கிளாஸ்கோ படத்தைப் பாருங்கள்

கண் மருத்துவரான என்னிடம் போன வாரம் வந்த பெண்ணுக்கு 13 வயது. ஸ்குவாஷில் ஆடுபவர்கள் ஒரே அறைக்குள் நின்று முன்சுவரில் பந்தை அடிப்பார்கள். பயிற்சியில் பின்னால் நின்றவள் அடித்த பந்து எங்கே வருகிறது என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். பந்து நேராக வலது கண்ணில் பட்டுவிட்டது. கருவிழிக்குப் பின்னால், கண்ணின் முன்னறையில் ரத்தம் மட்டம் கட்டி நின்றது. இந்த வருடம் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது குழந்தை இவள்.

“பாதுகாப்புக் கண்ணாடி போடலையாம்மா?” என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “ஜோஷ்னா, தீபிகால்லாம் போடுறதில்லையே டாக்டர். டிவில பாத்திருக்கோமே.”

இந்தியாவின் ஸ்குவாஷ் நட்சத்திரங்களைத்தான் சொல்கிறார். மூன்று வீட்டாரும் சொன்ன பதில் இதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்தது பெரியவர்களின் ஒற்றையர் ஆட்டம். அதில் கண்ணாடி கட்டாயமில்லை. ஆனால் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பல்லிக்கலும் இரட்டையரில் தங்கம் வென்றார்களே, அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். இருவர் முகத்திலும் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கும். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. உலக அளவிலான இரட்டையர் போட்டிகளில் கண்ணாடி கட்டாயம். ஜூனியர் போட்டிகளிலும் கட்டாயம். உங்கள் மகள் ஜூனியர். போட்டியன்று மட்டும் மாட்டி, தினமும் நடக்கும் பயிற்சியில் கழற்றி வைத்தால் என்ன பயன்? என்னிடம் வந்த மூவருமே பயிற்சியில்தான் அடிபட்டவர்கள்.

ஜோஷ்னா 14 வயதில் தேசியப் பட்டம் வென்றவர். 2025 டிசம்பரில் சென்னையில் அவர் ஆடிய இந்திய அணி ஸ்குவாஷ் உலகக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 39. தீபிகா இரட்டைக் குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே, 2022-இல், ஜோஷ்னாவுடன் சேர்ந்து உலக இரட்டையர் பட்டம் வென்றார். உங்கள் பெண்ணும் அவ்வளவு காலம் ஆட வேண்டும் என்றுதானே விடிகாலையில் எழுப்பிக் கூட்டிப் போகிறீர்கள்? முழங்காலுக்கும் தோளுக்கும் பிசியோ பார்க்கிறீர்கள். கண்ணை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

ஸ்குவாஷ் பந்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர். கண்குழியின் வாயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கால்பந்து வந்தால் எலும்பு தாங்கிக்கொள்ளும். இது நசுங்கி உள்ளேயே இறங்கிவிடும்.

“அவதான் பவர் கண்ணாடி போட்டிருக்காளே” என்பவர்களுக்கு: அது பாதுகாப்பு இல்லை, அதுவே ஆபத்து. உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும். லென்ஸ் இல்லாத வெறும் சட்டம் சில கடைகளில் கிடைக்கிறது. அதையும் வாங்காதீர்கள், பந்து இடுக்கு வழியாக நுழையும். ஸ்குவாஷ் போன்ற ராக்கெட் விளையாட்டுக்கென்றே சோதித்த, எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டும். பவர் உள்ள குழந்தைக்கு அதே பவரில் செய்து வாங்குங்கள். கிட்டப்பார்வை அதிகம் உள்ள குழந்தையென்றால் வருடம் ஒருமுறை கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்த்துவிடுங்கள்.

பயிற்சியாளர்களே, கண்ணாடி இல்லாத குழந்தையைக் கோர்ட்டுக்குள் விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மூச்சு வாங்கும்போது ஆவி படிகிறது என்று கழற்றுவார்கள். ஆட்டத்தை நிறுத்தித் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடிபட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்க வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். தலையை உயர்த்தி வைத்து, அன்றைக்கே கண் மருத்துவரிடம் வாருங்கள். பார்வை தெளிவாக இருக்கிறதே என்று காத்திருந்த ஒரு குழந்தைக்கு விழித்திரை கிழிந்திருந்ததை மூன்றாம் நாள்தான் பார்த்தோம்.

13 வயதுப் பெண்ணுக்கு ரத்தம் கரைந்துவிட்டது. பார்வையும் திரும்பியிருக்கிறது. ஆனால் கண்ணுக்குள்ளேயே சுரக்கும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் மூலையில் சேதம் இருக்கிறது. பல வருடம் கழித்துக்கூடக் கண் அழுத்தம் ஏறலாம், ஆயுசுக்கும் வருடா வருடம் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொன்னேன். “எப்ப ஆடலாம் டாக்டர்?” என்றாள். இன்னும் சில வாரம் போகட்டும் என்றேன். மருந்துச் சீட்டில் சொட்டு மருந்துக்கு மேலே, முதல் வரியாகப் பாதுகாப்புக் கண்ணாடி என்று எழுதிக் கொடுத்தேன்.