ஐம்பதைத் தாண்டி மீண்டும் ஸ்னோபோட் ஏறுகிறவர்களுக்கு

போன ஒக்டோபரில் ஒருவர் தோளில் ஒரு பெரிய பையோடு என் சிகிச்சை அறைக்கு வந்தார். வயது 58. முழங்கால் நோவென்று குடும்ப மருத்துவர் அனுப்பியிருந்தார். கதிரையில் இருக்க முன்னமே பையைத் திறந்து, ஸ்னோபோட் என்ற பனிச்சறுக்குப் பலகையில் விளிம்பால் வெட்டித் திரும்பும் கார்விங்குக்குப் போடும் கடினச் சப்பாத்து இரண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இந்த விண்டருக்கு நான் திரும்ப போட் ஏறலாமோ?"

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் அகதியாக சுவிஸுக்கு வந்தவர். கிராவுபுண்டன் மலைக் கிராமம் ஒன்றில் ஹோட்டல் சமையலறை வேலை. மதியச் சாப்பாடு முடிந்து இராச் சமையல் தொடங்கும்வரை மூன்று மணி நேரம் ஓய்வு. அந்த மூன்று மணி நேரத்தில், கூட வேலை செய்த பெடியளோடு சேர்ந்து பழகியதுதான் ஸ்னோபோட். பிறகு பிள்ளைகள், வீட்டுக்கடன், முதுகு நோவு. 22 வருசம் பலகையைத் தொடவில்லை. இப்போது மகன் சீசன் டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

என்னிடம் வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் கூடிவருகிறார்கள், தமிழர் மட்டுமல்ல. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: புதிதாகப் பழகுகிறவருக்கு இல்லாத ஓர் ஆபத்து உங்களுக்கு இருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே பலகை ஓடத் தெரியும். பழைய பழக்கம் முதல் நாள் மத்தியானத்துக்கு முன்னமே திரும்பிவிடும். தசையும் மூட்டு நார்களும் எலும்பும் அந்த வேகத்தில் திரும்பாது. இந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது. நான் பார்த்தவர்களில் முதல் ஓட்டத்திலேயே விழுந்து வந்தவர் அரிது. "எல்லாம் பழையபடி வந்திட்டுது" என்று தோன்றிய பிறகு விழுந்தவர்கள்தான் அநேகம்.

கார்விங் உடம்பிடம் என்ன கேட்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். பலகை சறுக்காமல் விளிம்பில் மட்டும் நின்று, பனியில் பென்சில் கோடு மாதிரி ஒரு தடத்தை வெட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படித் திரும்பும்போது உடம்பு 45 பாகை சாய்ந்தால் கால்களில் இறங்கும் பாரம் உடல் எடையைப் போல் 1.4 மடங்கு. 60 பாகை சாய்ந்தால் இரண்டு மடங்கு. 70 கிலோ ஆள் 140 கிலோவைத் தாங்குகிறார், அதுவும் மடித்த முழங்காலோடு, ஒவ்வொரு திருப்பத்திலும். வாலே மாநிலத்தில் சினால் பக்கம், முழு உடம்பையும் பனியில் படுக்கவைத்துத் திரும்பும் பாணியொன்று வளர்ந்தது. அதன் வீடியோவைப் பார்த்துத்தான் பலருக்குப் பழைய ஆசை திரும்புகிறது. ஆசையில் பிழையில்லை. ஒஸ்திரியாவின் ஸ்னோபோட் வீராங்கனை கிளவுடியா ரீக்லர் 1973இல் பிறந்தவர். 2015இல் 41 வயதில் உலகச் சாம்பியன் ஆனார், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் ஓடினார். ஆனால் அவர் இருபது வருசம் விட்டுவிட்டு வந்தவர் அல்ல.

அந்தச் சப்பாத்துக்கு வருகிறேன். கணுக்கால் பக்கத்து ஆணியைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் மயிர் மாதிரி வெள்ளைக் கோடுகள். இன்னும் கொஞ்சம் அழுத்த, "டிக்" என்றொரு சத்தம். நிலவறையில் பத்திரமாக வைத்திருந்ததாகச் சொன்னார். பாவிக்காமல் வைத்தாலும் பிளாஸ்டிக் வயதாகிக் காய்ந்துவிடும், குளிரில் இன்னும் நொறுங்கும். திருப்பத்தின் நடுவில், இரட்டிப்புப் பாரத்தில் அது வெடித்தால் பலகை ஒரு காலில் மட்டும் தொங்கும். அப்போது முறுக்குப்படுவது முழங்கால். சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கின் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் இதே கதைதான். பலகையை மெழுகு பூசி, விளிம்பு தீட்டிப் பாவிக்கலாம். சப்பாத்தையும் தலைக்கவசத்தையும் புதிதாக வாங்குங்கள்.

அடுத்து அவரைத் தரையில் இருக்கச் சொல்லி, கையூன்றாமல் எழும்பச் சொன்னேன். இரண்டாம் முறை கதிரையைப் பிடித்தார். ஸ்னோபோட்காரர் ஒரு நாளில் எத்தனை தரம் தரையிலிருந்து எழும்புகிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. அதிலேயே பாதிப் பலம் போய்விடும். எங்கள் முதல் பயிற்சியும் அதுதான். அதோடு, படியிலிருந்து ஒற்றைக் காலில் நாலு எண்ணி மெதுவாகக் கீழிறங்குவது, பக்கவாட்டாகக் கையூன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. கிழமைக்கு மூன்று நாள், குறைந்தது எட்டுக் கிழமை. வயதோடு தசையின் பலத்தைவிட அதன் சுறுசுறுப்பு விரைவாகக் குறைகிறது என்பதால், ஐந்தாம் கிழமையிலிருந்து சின்னத் துள்ளல்களையும் சேர்த்தோம்.

விழுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கையை விரித்து ஊன்றினால் மணிக்கட்டு முறியும். ஸ்னோபோட்டில் அதிகம் முறிவது அந்த எலும்புதான். மணிக்கட்டுக் காப்பு போடுங்கள், முஷ்டியை மூடி முன்னங்கையில் விழப் பழகுங்கள். பின்பக்கம் விழும்போது நாடியை நெஞ்சோடு ஒட்டி, பிட்டத்தில் உருளுங்கள். கார்விங்கில் இன்னொன்றும் உண்டு. பனியைத் தடவ நீட்டிய கை, விளிம்பு பிடி விடும் நேரத்தில் பின்னுக்கு இழுபட்டு, தோள் கழன்றுவிடும். நாற்பதுக்கு மேல் தோள் கழன்றால், மூட்டைத் திரும்ப வைத்த பிறகும் அதைச் சுற்றிய தசைநார் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். சில நாளில் கையைத் தூக்க முடியாவிட்டால் ஸ்கான் கேளுங்கள்.

கணுக்கால் சுளுக்கென்று கட்டுப்போட்டு, மூன்று கிழமையாகியும் வெளிப்பக்கம் நோகிறதா? கணுக்காலில் புடைத்துத் தெரியும் மொட்டெலும்புக்குச் சற்றுக் கீழே, தாலஸ் என்ற கணுக்கால் எலும்பின் ஓரம் முறிந்திருக்கலாம். ஸ்னோபோட்காரருக்கே உரிய முறிவு என்று சொல்லுமளவுக்கு அது எங்களுக்குப் பழக்கமானது. சாதாரண எக்ஸ்ரேயில் தவறிப்போகும், சி.ரி. ஸ்கானில் தெரியும்.

தலை விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எங்கள் வயதுக்காரர் பலர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார்கள். வார்ஃபரின், அபிக்ஸபான், குளோபிடோக்ரெல் என்று பெயர்கள் வேறு வேறு. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும், ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. இந்த மாத்திரை எடுக்கிறவர் தலை அடிபட விழுந்தால், நோவு இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, சில கிழமை கழித்துத் தலையிடி, குழப்பம், நடையில் தள்ளாட்டம் என்று வெளிப்படலாம். அந்த நேரத்தில் பனியில் விழுந்தது யாருக்கும் நினைவிருக்காது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களும், நெடுநாள் ஸ்டீரொயிட் எடுத்தவர்களும் எலும்பின் அடர்த்தியை அளந்துவிட்டு வாருங்கள். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். 540 மீட்டரில் பேர்னில் தூங்கி எழும்பி, இரண்டு மூன்று மணி நேரத்தில் 2,500 மீட்டருக்கு மேல் குளிரில் நிற்பது இதயத்துக்குச் சின்ன வேலையல்ல. முதல் நாளை இலேசாக வைத்திருங்கள்.

எந்தச் சரிவு, எந்த நேரம்? நீலப் பிஸ்ட், அதாவது நீல அடையாளமிட்ட இலேசான சரிவு, காலையில் லிஃப்ட் திறந்த முதல் மணித்தியாலம். இயந்திரம் வாரிவிட்ட பனி வரிவரியாக இருக்கும், ஆட்களும் குறைவு. கார்விங்காரர் சரிவின் முழு அகலத்தையும் எடுப்பார். பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்ப்பதில்லை. முன்னால் போகிறவரைக் காப்பது பின்னால் வருகிறவரின் கடமை என்று சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் மூன்றாம் விதி சொல்கிறது. ஐந்தாம் விதியையும் படியுங்கள். திருப்பத்தை முழுதாக முடித்து மேட்டுப் பக்கம் ஏறுகிறவர் மேலும் கீழும் பார்த்துவிட்டே ஏற வேண்டும் என்கிறது. குதிகால் விளிம்பில் திரும்பும்போது மேடு முதுகுக்குப் பின்னால் போய்விடும், கழுத்தைத் திருப்பாமல் ஒன்றும் தெரியாது. கழுத்துத் திரும்புகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். காரைப் பின்னெடுக்கும்போது கஷ்டப்படுகிறவர் இங்கேயும் கஷ்டப்படுவார்.

அம்புலன்ஸ் 144, ரேகா மீட்பு ஹெலிகொப்டர் 1414. இரண்டையும் தொலைபேசியில் பதிந்து, எடுக்கும் மாத்திரைகளின் பெயரை ஒரு துண்டில் எழுதி ஜக்கெட்டில் வையுங்கள்.

மார்ச் மாதம் அவர் திரும்ப வந்தார். ஒன்பது நாள் போயிருக்கிறார். ஒரு நாளும் பதினொரு மணிக்கு மேல் மலையில் நிற்கவில்லையாம். தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். ஆளில்லை, பலகையும் இல்லை. காலைப் பனியில் ஒரேயொரு மெல்லிய வளைகோடு, எங்கும் சிதறல் இல்லை.

"பின் பைண்டிங்கை இன்னும் ஐந்து பாகை திருப்பலாமோ, தங்கச்சி?"

படுக்கச் சொல்லி இடுப்பு எவ்வளவு சுழல்கிறதென்று அளந்து பார்த்தேன். வலப்பக்கம் இன்னும் இறுக்கம்தான். இந்த வருசம் வேண்டாம் அண்ணை என்றேன்.