கழுத்தில் தெரியும் இன்சுலின்

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தன் மகளின் கழுத்தைப் பயத்தமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சைத் தோல், தயிர், பீர்க்கங்கூடு எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. "தண்ணிய மேல ஊத்திக்கிட்டு ஓடி வந்துடுறா, அழுக்கு எப்படிப் போகும்?" என்று திட்டு வேறு. அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பின்கழுத்தில் பட்டை கட்டினாற்போல் கருமை. அழுக்காக இருந்தால் தேய்க்கும்போது திரியும், இது திரியவில்லை. தொட்டுப் பார்த்தால் தோல் சற்றுத் தடித்து, வெல்வெட் துணிபோல் இருந்தது.

அதற்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று பெயர். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடலின் செல்களுக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காமல் போனால், கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். இப்படி மிகுந்துபோன இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சியைத் தூண்டும் ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகுகின்றன. கழுத்து, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் தடித்துக் கருக்கிறது. இந்தக் கட்டத்தில் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் கணையம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கழுத்து சொல்லிவிடுகிறது. கழுத்து கருத்த எல்லோருக்கும் சர்க்கரை நோய் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் அதைத் தேய்த்துப் போக்க முடியாது, அதற்காகப் பிள்ளையைத் திட்டுவதும் நியாயமில்லை. காட்ட வேண்டியது மருத்துவரிடம்.

வளரிளம் பருவத்தில் இது கிளம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. பூப்படையும் காலத்தில் வளர்ச்சி ஹார்மோன் பெருக்கெடுக்கிறது. அது இன்சுலினுக்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்குமே அந்தச் சில ஆண்டுகள் இன்சுலினின் வீரியம் குறைந்து, வளர்ந்து முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். ஏற்கெனவே வயிற்றுக் கொழுப்போ, குடும்பத்தில் சர்க்கரையோ, கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குச் சர்க்கரையோ இருந்த பிள்ளைக்கு இந்தச் சுமை கூடுதல். அதனால்தான் எடை கூடி, இவற்றில் ஒன்றும் இருந்தால், 10 வயதிலோ பூப்பு தொடங்கியதுமோ, எது முந்துகிறதோ அப்போதே சர்க்கரைப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம்.

"எங்க பிள்ளை ஒல்லிதானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஒளிப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடை எண்ணுக்குள் இரண்டு வேறு உடல்கள். நம்மவர்களிடம் தசை குறைவு, கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. இதைக் கணக்கில் கொண்டுதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகளில், பெரியவர்களின் பிஎம்ஐ 23-க்கு ஈடான கோட்டிலேயே கூடுதல் எடை தொடங்குகிறது. உலக அளவில் அந்தக் கோடு 25.

வயிற்றை அளக்க இயந்திரம் வேண்டாம், ஒரு கயிறு போதும். பிள்ளையின் உயரத்துக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். மடித்த கயிறு சுற்றி வந்து முனைகள் தொட்டுக்கொண்டால் நல்லது. தொடாமல் இடைவெளி விட்டால், இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். வயதுக்கு வயது அட்டவணை தேட வேண்டாத அளவு இது.

அடுத்தது பிபி. பள்ளி முகாம்களில் அதிகம் பிசகுவது இதில்தான் என்பது என் எண்ணம். ஒரு முகாமில் உதவிக்கு நின்றிருந்தேன். பெரியவர்களுக்கான ஒரே ஒரு கைப்பட்டை. ஆறாம் வகுப்புப் பையனின் மெலிந்த கையில் அது கிட்டத்தட்ட ஒன்றரைச் சுற்று சுற்றியது. இயந்திரம் ஒரு எண்ணைக் காட்டியது, எழுதிக்கொண்டார்கள், அடுத்தவன் வந்தான்.

இயந்திரம் செய்வது இதுதான்: பட்டையில் காற்றடைத்துக் கையின் தமனியை அமுக்குகிறது; பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தமனிச் சுவர் அதிர்ந்து, அந்த அதிர்வு பட்டைக்குள் இருக்கும் காற்றையும் அசைக்கும். அசைவு உச்சத்தில் இருக்கும் இடம்தான் சராசரி அழுத்தம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிலிருந்து இயந்திரம் கணக்குப் போட்டுச் சொல்கிறது. பட்டை சிறியதாக இருந்தால் தமனியை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும், எண் பொய்யாக ஏறும். பெரியதாக இருந்தால் பொய்யாக இறங்கும். அந்த முகாமில் மெலிந்த பிள்ளைகளில் யாருக்காவது உண்மையிலேயே பிபி இருந்திருந்தால், அந்தப் பட்டை அதை மறைத்திருக்கும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை புஜத்தின் சுற்றளவில் குறைந்தது 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும், 100-ஐத் தாண்டக் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், 10 செ.மீ. கீழே தொங்கினாலே எண் 7, 8 கூடிவிடும். படியேறி ஓடி வந்த பிள்ளையை ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால் தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும். முகாமில் அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

13 வயதிலிருந்து 120-க்குக் கீழேயும் 80-க்குக் கீழேயும் இருந்தால் சரி. 130-ஓ 80-ஓ தொட்டால் உயர் ரத்த அழுத்தத்தின் முதல் நிலை. அதற்குக் குறைந்த வயதில் வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். எந்த வயதானாலும் ஒருமுறை அளந்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. மூன்று வெவ்வேறு நாட்களில் அளந்தும் உயர்ந்தே இருந்தால்தான் அது நோய். வெள்ளை அங்கியைப் பார்த்தாலே படபடக்கும் பிள்ளைகள் பலர்.

இத்தனை சின்ன வயதில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற சிற்றூரின் குழந்தைகளை 1970-களிலிருந்து ஜெரால்ட் பெரன்சன் குழுவினர் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். விபத்து போன்ற காரணங்களால் இளம் வயதில் இறந்தவர்களின் ரத்தக் குழாய்களை ஆராய்ந்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். எடை, பிபி, கொழுப்பு என எந்த ஆபத்தும் இல்லாதவர்களின் இதயத் தமனியின் உள்பரப்பில் கொழுப்புக் கோடுகள் 1.3 சதவீதம். மூன்று நான்கு ஆபத்துகள் சேர்ந்தவர்களுக்கு 11 சதவீதம். மாரடைப்பு ஐம்பதில் வரலாம். குழாயில் படிவது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி, வெறும் வயிறு வேண்டாம் என்பதால் பள்ளிகளுக்கு வசதி. 5.7-லிருந்து 6.4 சதவீதம் வரை முன்-நீரிழிவு என்று கணக்கு. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் இந்த அளவு. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நம் ஊரில் சிக்கல் இங்கேதான். இரும்புச்சத்துக் குறைந்த உடலில், சர்க்கரை சரியாக இருந்தாலும் இந்த எண் பொய்யாகக் கூடுவது உண்டு. 2016–18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் பத்தில் ஒருவருக்கு முன்-நீரிழிவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு பெண்ணிடம் "உனக்குச் சர்க்கரை வரப்போகிறது" என்று சொல்லிவிடக் கூடாது. ஹீமோகுளோபினையும் பார்த்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் எடுத்த பிறகு பேசுவதே முறை.

கொழுப்புப் பரிசோதனைக்கு ஒரு கால நுணுக்கம் இருக்கிறது. பூப்பு காலத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு தானாகவே 10 முதல் 20 சதவீதம் இறங்கும். அப்போது அளந்தால் ஏமாந்துபோவோம். அதனால் 9–11 வயதில் ஒருமுறை, 17–21-இல் ஒருமுறை எல்லோருக்கும் பார்க்கலாம் என்று 2011-இல் அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்ப்பதால் பலன் உண்டா என்று சொல்லச் சான்று போதவில்லை என்று அதே நாட்டின் இன்னொரு குழு 2023-இல் சொன்னது. ஸ்லோவேனியா இந்த விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. 1995-லிருந்து ஐந்து வயதிலேயே பார்த்துவருகிறது.

நான் ஸ்லோவேனியாவின் பக்கம்தான். காரணம், பரம்பரை உயர் கொழுப்பு. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அள்ளிச் செல்லும் கல்லீரல் ஏற்பியின் மரபணுவில் பிழை. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஒல்லியாக, ஓடியாடி விளையாடிக்கொண்டு, கழுத்தில் ஒரு கருமையும் இல்லாமல் இருப்பார்கள். கயிறும் காட்டாது, பிபியும் காட்டாது. எல்டிஎல் 190-க்கு மேல் நிற்பதைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும். எட்டு, பத்து வயதிலிருந்தே கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது. இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவதால், பிள்ளைக்கு இருந்தால் பெரும்பாலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருக்கும், அவர்களுக்கே தெரியாமல். இங்கிலாந்தில் தடுப்பூசிக்கு வந்த பத்தாயிரம் குழந்தைகளின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவு: ஆயிரம் குழந்தைகளுக்கு நான்கு குழந்தைகளும், அவர்கள் வழியே நான்கு பெற்றோரும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அந்தப் பெற்றோர் மாரடைப்பு வரும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த இளம் அப்பாக்கள், அம்மாக்கள்.