‘எவ்ரிஒன்’ என்று டிக் அடிக்கும் முன்

சர்வரில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, கிளையன்ட் கம்ப்யூட்டரில் டிரைவாக மேப் செய்வது பத்து நிமிட வேலை. சிக்கல் அப்புறம்தான் வரும். யாரோ ஒருவருக்குக் கோப்பு திறக்காது. அவசரத்தில் ‘எவ்ரிஒன்’ (எல்லோரும்) பெயருக்கு ‘ஃபுல் கண்ட்ரோல்’, அதாவது முழு உரிமை, கொடுத்துவிடுவார்கள். பல அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

விண்டோஸ் சர்வரில் அனுமதி இரண்டு அடுக்காக இருக்கிறது: ஷேருக்குக் கொடுக்கும் ஷேர் பெர்மிஷன், டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கும் கோப்புக்கும் கொடுக்கும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷன். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். இது தெரியாமல் ஒன்றைத் தளர்த்திப் பார்ப்பார்கள், திறக்காது. உடனே இரண்டையும் தளர்த்திவிடுவார்கள்.

அதன் விலையை ஓர் அலுவலகத்தில் நேரில் பார்த்தேன். ஒருவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. சர்வரை அது உடைக்கவே இல்லை. அவருடைய லாகினுக்கு எழுதும் உரிமை இருந்த கோப்புகளையெல்லாம் மேப் செய்த டிரைவ் வழியாகவே பூட்டிவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டதோ பெரும்பாலும் படிக்கும் உரிமைதான். பேக்கப்பும் அதே ஷேரில் இன்னொரு ஃபோல்டராக இருந்தது. அதுவும் போயிற்று. அன்று அங்கே இருந்தவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை.

விண்டோஸ் ஷேர்கள் இயங்கும் நெறிமுறை எஸ்எம்பி. அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ அணைத்தே வையுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தும், அதைப் போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக எஸ்எம்பி 1-ஐ மறுபடி இயக்குவது சரியல்ல. எஸ்எம்பி பயன்படுத்தும் 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவும் கூடாது. வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வரட்டும்.

லினக்ஸில் ஃபோல்டரை ஷேர் செய்ய என்எஃப்எஸ் அமைப்பவர்கள், யாருக்கு என்ன உரிமை என்று எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வெற்றிடத்துக்குப் பயப்பட வேண்டும். கிளையன்ட் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஸ்பேஸ் விழுந்தால், நீங்கள் கொடுத்த எழுதும் உரிமை அந்த கிளையன்டுக்குப் போகாது. சர்வரை எட்டக்கூடிய மற்ற எல்லோருக்கும் போய்விடும். ‘நோ ரூட் ஸ்க்வாஷ்’ போட்டால் கிளையன்டின் ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கு) உங்கள் ஷேருக்கும் ரூட்தான். வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் பயனரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. ஆகவே இரண்டு பக்கமும் அந்த எண், அதாவது யுஐடி, ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் தனிநபருக்கு அனுமதி கொடுப்பதில்லை, குழுவுக்குத்தான் கொடுக்கிறேன். ஒருவர் வேலையை விட்டுப் போனால் குழுவிலிருந்து எடுத்தால் போதும். எல்லாம் முடிந்ததும், அந்த ஃபோல்டரைப் பார்க்கவே கூடாத ஒருவரை அவருடைய லாகினில் திறந்து பார்க்கச் சொல்கிறேன். ‘ஆக்சஸ் டினைடு’ வந்த பிறகுதான் கிளம்புவேன்.